பதினான்கு முளைக்குச்சிகள்

ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், வீட்டுப்பாடம் அவ்வளவுதான். வாயைத் திறக்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது, எழுந்து போய் எதையும் சரி பண்ணக்கூடாது, சொந்த நிலத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து கண்ணில் படுவதை நோட்டில் எழுத வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் வீட்டுப்பாடம். நாச்சிமுத்து எட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் ஸ்டூலைப் போட்டார், எட்டு மூன்றுக்கு முதுகு அரித்தது, எட்டு நான்குக்குக் கைக்கடிகாரம் நின்றுவிட்டதா என்று காதில் வைத்துப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை இயற்கை விவசாய வகுப்பில் இதைச் சொன்னபோதே அவர் பேரத்தை ஆரம்பித்துவிட்டிருந்தார். "ஏம்மா, ஒரு மணி நேரமெல்லாம் ஆவாது. கால் மணி நேரம் வெச்சுக்கலாம்." பாடம் நடத்துகிற ரெஜினா, அவருடைய மகளைவிடச் சின்னவள், கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "ஒரு மணி நேரம் உக்கார முடியாதவங்க ஒன்றரை மணி நேரம் உக்காருங்க சார்." "செரி, அரை மணி." "ரெண்டு மணி நேரம்." வகுப்பே சிரித்தது, பாவாயிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள், கட்டின பெண்டாட்டி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க. முப்பது வருசம் போர் போடுகிற ரிக் வண்டியோடு திருச்செங்கோட்டிலிருந்து சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று அலைந்து, பாஷை தெரியாத ஊர்களில் விரலைக் காட்டியே பேரம் பேசி ஜெயித்து வந்தவர், எதிராளி இறங்காமல் ஏறிக்கொண்டே போவதை அன்றைக்குத்தான் பார்த்தார், பழைய ஒரு மணி நேரத்துக்கே தலையாட்டினார். கோபம் சுர்ரென்று வந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

நோட்டில் 1 என்று போட்டு எறும்பு என்று எழுதினார். 2 என்று போட்டு வேறு எறும்பு என்று எழுதினார். எதைப் பார்ப்பது, இந்த ரெண்டு ஏக்கரில் என்ன இருக்கிறது பார்க்க, ரிக்கை விற்றுவிட்டு வாங்கிய மேட்டுக்காடு, வாங்கின வருசமே எண்ணூற்றைம்பது அடியில் ஒரு போர், புகையாகப் பறந்தது, மறு வருசம் ஆயிரத்து நூறு அடியில் இன்னொன்று, அதிலும் கருங்கல் பொடிதான். வாழ்நாள் பூராவும் ஊரான் நிலத்தில் தண்ணி எடுத்துக் கொடுத்தவனுக்குச் சொந்த நிலத்தில் ஒரு சொம்பு இல்லை. எண்ணூறில் நிறுத்துவோமா என்று கேட்டபோது அர்த்தநாரி என்ன சொன்னான், "இன்னும் அம்பது அடி மாப்ள, ஈரம் தெரியுது." ரிக்கில் பழைய கூட்டாளி, இப்போது தனி வண்டி வைத்திருப்பவன், சொந்த மச்சான் மாதிரி, பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆனால் அந்த வார்த்தை நாச்சிமுத்துவின் வார்த்தை. அவர்தான் அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர். இன்னும் அம்பது அடி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், ராய்ப்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் தலைப்பாகை கட்டின ஒரு ஆள், பேரும் ஞாபகம் இல்லை, நாலு முறை அம்பது அடிக்குத் தலையாட்டிவிட்டு, ஒன்றும் வராமல் வண்டியைக் கிளப்பினபோது சத்தம் போடாமல் அந்தக் கல்பொடிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டிக் கண்ணாடியில் கடைசி வரை தெரிந்தான். அப்படி எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? சே, இதெல்லாம் எதற்கு இப்போது. எட்டு பதினொன்று. ஒன்பது மணிக்கு அர்த்தநாரி வந்துவிடுவான், மூன்றாவது போருக்கு வண்டியோடு. அது பாவாயிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இன்றைக்கு வரச் சொன்னது, முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்க எட்டரை பஸ்ஸுக்கு அவள் போகவேண்டிய நாள், திரும்பி வருவதற்குள் இருநூறு அடி இறங்கியிருக்கும், இறங்கின குழியை யாரால் என்ன செய்ய முடியும். ஆனால் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற ஆளாகத் தெரியவில்லை. சேலைக்கு மேலே அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மட்டம் பார்க்கிற அந்த மூன்று கம்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வருகிறாள். "டாக்டரு நாளைக்கும் அங்கதான இருப்பாரு," என்று அவரைக் கடந்து போகும்போது தனக்குத்தானே சொல்வது மாதிரிச் சொன்னாள். அப்புறம் சட்டென்று வாயைப் பொத்தி, "ஐயோ, நீங்க பேசக்கூடாதுல்ல, பதில் சொல்லிப் போடாதீங்க," என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

போனை எடுத்து அர்த்தநாரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு வா என்று. போன் சட்டைப் பையில் நெஞ்சுக்கு மேலேதான் இருக்கிறது. எடுத்தால் பாவாயி திரும்பிப் பார்ப்பாள், யாருக்குங் என்று கேட்பாள், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. எட்டு மாசம் பத்து மாசம் வடக்கே போய்விட்டு அவர் வருகிற நாட்களில், பொய் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார், வாசலில் அவள் சொம்புத் தண்ணியை நீட்டிக்கொண்டு முகத்தைப் பார்ப்பாள், எல்லாம் போச்சு. ஆனால் பேரம் அவளிடமும் பேசியிருக்கிறார், அதில் ஜெயித்துமிருக்கிறார். மூன்று மழைக்காலம் கொடுங்க என்றுதான் அவள் கேட்டாள். போர் வேண்டாம், டேங்கர் லாரி வேண்டாம், வகுப்பில் சொல்லித்தந்த மாதிரி நிலத்துக்குக் குறுக்கே மட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டுவோம், மேலிருந்து ஓடி வருகிற மழையை அது நிறுத்தி அங்கேயே மண்ணுக்குள் இறக்கும், மண் மேலே தழையைப் போட்டு மூடுவோம், மூன்று மழைக்காலத்தில் மண் மாறும். "மூணெல்லாம் ஆவாது. ஒரு மழை. ஒரே மழை பாக்கறேன், தண்ணி நிக்கலீன்னா என்ற இஷ்டம்." "ஒரு மழைக்காலமாவது குடுங்க." "ஒரு மழை அம்மிணி." அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரியென்றாள். எதற்காக இவ்வளவும்? ஒரு சோற்றுக்காக. உப்பைத் தவிர எதையும் கடையில் வாங்காமல் ஒரே ஒரு நாள் இந்த மண்ணில் விளைந்ததை வைத்தே ஒரு சோறு ஆக்கி அவருக்குப் போட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நகை கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார். அந்தச் சோற்றுக்கென்று வாய்க்கால் கரை நெடுக அவரை விதை ஊன்றியிருந்தாள், ரெண்டு ரெண்டு இலையாக வந்திருந்தது. ஆறு நாளைக்கு முன்னால் மழை வந்தது, நல்ல மழை, முக்கால் மணி நேரம். வாய்க்காலில் விழுந்த தண்ணி நிற்காமல் அத்தனையும் கிழக்கு மூலைக்கு ஓடி, அங்கே குளமாகத் தேங்கிக் கரையை உடைத்துக்கொண்டு போனது, அவரைச் செடிகளையும் வாரிக்கொண்டு. நனைந்த சேலையோடு உடைப்புக்குப் பக்கத்தில் நின்று பாவாயி சொன்னாள், "நான் மட்டம் புடிச்சது தப்புங். என்ற கைதான் சரியில்ல." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு யாரும் அவரைப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கவில்லை.

எட்டு இருபத்தேழு. கோணல் என்றால் அவருக்கு ஆகாது, அதற்கு அவர் என்ன செய்வார். போர்க்காரன் புத்தி. ஒரு விரற்கடை கோணலாக இறங்கினால் நானூறு அடியில் ராடு மாட்டிக்கொள்ளும், துளைக்கிற பிட்டு போய்விடும், ஒரு வாரம் கழுத்தளவு சண்டை, அதனால் வண்டியை நிறுத்தினதும் நாலு பக்கமும் ஜாக்கி ஏற்றி, நேர் பார்த்து, மறுபடி நேர் பார்த்து, அப்புறம்தான் கம்ப்ரஸரையே ஆன் பண்ணுவார். வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாப்பாடு இறங்காது. பாவாயி மட்டம் பார்த்து முளைக்குச்சி அடித்த அன்று சாயங்காலம் வந்து பார்த்தார், பதினான்கு குச்சி, வேப்பமரத்தடியில் ஆரம்பித்து, பாம்பு சட்டை உரித்துப் போட்ட மாதிரி வளைந்து நெளிந்து, நடுவில் மேட்டுப்பக்கமாக ஏறி, வேலியில் எங்கேயோ நடுவாந்திரத்தில் போய் முட்டியது. சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. அஞ்சாவது வரை படித்தவள், மூன்று கம்பைக் கட்டி நடுவில் கயிறு தொங்கவிட்ட சட்டத்தை வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, நாள் பூரா குனிந்து நிமிர்ந்து இப்படிக் கோணலாக அடித்து வைத்திருக்கிறாளே, ஊர்க்காரர் பார்த்தால் சிரிப்பார்களே. அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான், சத்தியமாக அதற்குத்தான், மறுநாள் விடியக்காலம் அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது பதினான்கையும் பிடுங்கி, வேப்பமரத்திலிருந்து கிழக்கு மூலைக்கல்லுக்கு விறைப்பாக ஒரு கயிறு கட்டி, அம்பு மாதிரி நேராக அடித்துவைத்தார். பழைய குழிகளைக் காலால் மிதித்து மூடினார். அவள் வந்து பார்த்து, "நேத்து இப்பிடியா இருந்துச்சு?" என்று கொஞ்ச நேரம் நின்றாள். "இருட்டற நேரத்துல அடிச்ச, உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது," என்றார். ஆமாங் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். தன் கண்ணைவிட அவர் வார்த்தையை நம்பினாள். அப்போது அது அவருக்கு ஒன்றுமாகவே படவில்லை. கரை உடைந்த பிறகும்கூட, மூலைக்கல் தாழ்வு என்று தெரிந்த பிறகும்கூட, சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயெடுத்தார், அதற்குள் உள்ளேயிருந்து அந்தப் பழைய பேரக்காரன் ஒருத்தன் எழுந்து, ஒரு மழைதானே பேச்சு, மழை வந்தது, தண்ணி நிற்கவில்லை, இனி உன் இஷ்டம் என்றான். அன்றைக்கே அர்த்தநாரிக்குப் போன் போட்டாயிற்று.

பாவாயி மறுபடியும் மட்டம் பார்க்கிறாள். ஒற்றை ஆளாக. சட்டத்தின் ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்தி, கயிறு ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம்பில் கீறின கோட்டில் வந்து நின்றதும், ரெண்டு காலும் ஒரே மட்டம் என்று, ஒரு குச்சியை ஊன்றுகிறாள். கயிற்றில் தொங்குவது கல்லில்லை, ரிக்கை விற்கும்போது ஞாபகத்துக்கென்று அவர் கழற்றி வைத்துக்கொண்ட ஒரு கனத்த நட்டு, "கல்லைவிட இதுதான் ஆடாம நிக்கும்," என்று அவரேதான் கட்டிக்கொடுத்தார். அது இப்போது வெயிலில் மினுக் மினுக்கென்று ஆடுகிறது. வலது முட்டியில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுகிறாள். ஒவ்வொரு முறையும் அவர் தொடை தானாக இறுகுகிறது, போய்ப் பிடிக்க வேண்டும், எழுந்திருக்கக்கூடாது, யார் சொன்னது எழுந்திருக்கக்கூடாதென்று, அந்தச் சாக்பீஸ்காரி சொன்னாள். நாலு குச்சி ஆயிற்று. அஞ்சாவதில் பாவாயி நின்றுவிட்டாள். வாய்க்கால் ஒரு பக்கம் போகிறது, குச்சிகள் வளைந்து வேறு பக்கம் போகின்றன. குச்சியைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், திரும்பி அவரைப் பார்த்தாள். "ஏனுங். பேச வேண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க. அன்னைக்கும் இது இப்பிடி வளைஞ்சுதான போச்சு?" நாச்சிமுத்து நோட்டைப் பார்த்தார். "இல்ல எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சுப் போச்சா?" தலையை மேலும் கீழும் ஆட்ட எவ்வளவு நேரம் ஆகும். பேனாவை எடுத்து 3 என்று போட்டார். "செரி செரி, நீங்க படிங்க," என்று சிரித்துவிட்டுக் குனிந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் மண்ணை வாரி அவர் மூஞ்சியில் அடித்திருக்கலாம்.

மூன்றுக்கு எதிரில் எழுத ஏதாவது வேண்டுமே என்று தரையைப் பார்த்தார். அப்போதுதான் அது தெரிந்தது. உடைப்புக்கு மேல்பக்கமிருந்து அவர் காலடி வரை தரையில் ஒரு கோடு, யாரோ விரலால் இழுத்தது போல, காய்ந்த வேப்பம்பூ, கடலைத் தொலி, ஆட்டுப் புழுக்கை எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. அன்றைக்குக் கரை உடைவதற்கு முன்னால் தண்ணி கொஞ்ச நேரம் குளமாக நின்றதே, அதன் விளிம்பு. தண்ணி எங்கே ஓடாமல் நின்றதோ அந்த இடத்தில் தன் குப்பையை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆறு நாளாக இது இங்கேயே கிடக்கிறது, தினமும் இதைத் தாண்டித்தான் நடக்கிறார். கோடு நேராக இல்லை. மேட்டுப்பக்கமாக ஏறி, வளைந்து, நெளிந்து, சட்டை உரித்த பாம்பு மாதிரி. அதை ஒட்டியே பொட்டுப் பொட்டாகப் புல் முளைவிட்டிருந்தது. அந்தப் புல்லுக்கு நடுவே ஓரிடத்தில் எறும்புகள் பொடிமண்ணைத் தள்ளித் தள்ளி வட்டமாக வரம்பு கட்டிக்கொண்டிருந்தன, அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் எழுதின அதே எறும்பு, அது வந்து போகிற பொந்து அவர் காலால் மிதித்து மூடின முளைக்குழி. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு குழி, அதிலும் புல். பாவாயி போட்ட கோட்டின் மேலேயே மழை மறுபடி ஒரு கோடு போட்டு, மட்டம் வேறு நேர்க்கோடு வேறு என்று காட்டிவிட்டுப் போயிருந்தது. எண்ணூறு அடிக்குக் கீழே ஈரம் தெரிகிறது என்று சொன்னவனை நம்பினார். கால் கட்டைவிரலுக்கு எதிரில் கிடந்தது தெரியவில்லை. அந்தத் தலைப்பாகைக்காரன் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானோ என்னவோ. பாவாயியின் அடுத்த குச்சி எறும்புப் பொந்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. "எறும்ப மிதிக்க வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே அதைச் சுற்றிப் போனாள். எட்டு நாற்பத்தொன்பது. அப்போது ரோட்டில் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

வண்டி கிழக்குக் கேட்டில் வந்து நின்று மண்ணை அதிரவிட்டது. மேலே ராடுகள், பின்னால் கம்ப்ரஸர், கோயில் தேர் மாதிரி. பாவாயி சட்டத்தைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள். அர்த்தநாரி கதவைத் திறந்து பாதி தொங்கிக்கொண்டு கத்தினான். "மாப்ள, சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்துட்டன் பாரு. குறுக்க என்னமோ வாய்க்கா வெட்டி வெச்சிருக்கறீங்க, வண்டிய அது மேல ஏத்தி மூடிட்டு வந்தரட்டுமா?"

பாவாயி வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். யாருக்குங், எதுக்குங் என்று ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். சட்டத்தை மெதுவாகத் தரையில் சாய்த்து வைத்தாள், தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். "மழைத்தண்ணி நிக்கலீல்ல," என்றாள். "பேசுனது பேசுனதுதான். நீங்க வரச் சொன்னது தப்பில்லீங்."

"ஏத்தாதடா!"

ஸ்டூலிலிருந்து எழாமலே கத்தினார். மரத்திலிருந்து ரெண்டு கிளி பறந்தது.

"குச்சிய நான்தான் மாத்துனேன் அம்மிணி. பதினாலையும். நீ பால் கறக்கப் போயிருந்தப்ப. கோணலா இருக்குதுன்னு கயிறு கட்டி நேரா அடிச்சுப் போட்டேன். உன்ற கை சரியாத்தான் புடிச்சுது. என்ற கண்ணுதான்..." நோட்டால் தரையைக் காட்டினார், குப்பைக் கோட்டை, புல்லை, எறும்பை.

பாவாயி அங்கே பார்த்தாள். அர்த்தநாரி இஞ்சினை நிறுத்திவிட்டான்.

"ஆறு நாளா சோறு எறங்காம கெடந்தன்," என்றாள். "நான் போயி ஒரு குச்சிகூட உருப்படியா அடிக்கத் தெரியாதவளாப் போயிட்டனேன்னு. நீங்க எதுத்தாப்பல உக்காந்து ரசத்த ஊத்தி ஊத்திச் சாப்புட்டீங்க."

"ஆமா."

"இன்னம் ரெண்டு கரண்டி போடு அம்மிணின்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டீங்க."

"ஆமா அம்மிணி."

அர்த்தநாரி வாய்க்காலைத் தாண்டி வந்து, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றான். "ஏம்மா தங்கச்சி, வந்தது வந்துட்டன். இந்தத் தடவ ஒரு முன்னூறு அடி மட்டும்..."

"அண்ணா, நீங்க சித்த சும்மா இருங்க." பாவாயி அவரிடமே திரும்பினாள். "மூணு மழைக்காலம்."

ரெண்டு என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முப்பது வருசப் பழக்கம், யார் எதைச் சொன்னாலும் தானாக வந்து நிற்கும், சந்தையில் கத்தரிக்காய்க்கு வரும், மகள் கல்யாணத்தில் ஐயரிடம் வந்தது. பல்லைக் கடித்தார். விழுங்கினார். அது உள்ளே போகிறபோது கசக்கவில்லை, அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

"செரி," என்றார்.

"மாப்ள, மேலுக்கு ஏதாச்சும் முடியலியா?" என்றான் அர்த்தநாரி, நிஜமாகவே பயந்துபோய்.

பாவாயி சிரிக்கவில்லை. துண்டைத் திரும்பத் தலையில் கட்டினாள். "மணி என்னங்?"

"எட்டு அம்பத்தஞ்சு. இன்னும் அஞ்சு நிமிசந்தான்."

"அஞ்சு நிமிசமா? நடுவுல பேசிப் போட்டீங்கல்ல. மொதல்ல இருந்து உக்காருங்க. ஒரு மணி நேரம். நான் ரெஜினாப் புள்ளைக்குச் சொல்லோணும், பொய் சொல்ல மாட்டன்." சட்டத்தை எடுத்தாள். "அண்ணா, அந்தக் காலைப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் நகத்தக் கூடாது. வண்டி எங்கயும் போயராது."

மூன்று மாநிலத்துக் கல்லைத் துளைத்த அர்த்தநாரி, செருப்பைக் கழற்றிவிட்டு மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதுவரை அடித்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, இம்முறை வேலிப் பக்கமிருந்து ஆரம்பித்தார்கள். நட்டு ஆடியது, அடங்கியது, குச்சி இறங்கியது. அடுத்தது ஒரு முழம் மேலே போனது. அதற்கடுத்தது ஏன் அவ்வளவு கீழே வருகிறது, நாலாவதை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளினால் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கும், நாச்சிமுத்து கை ரெண்டையும் தொடைக்கு அடியில் செருகி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். எட்டு. ஒன்பது. ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தியது, ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. வளைந்து நெளிந்து அது அவரைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது. பதின்மூன்றாவது குச்சியை அடித்துவிட்டுப் பாவாயி மூச்சு வாங்கினாள், சட்டத்தைச் சுற்றினாள், மறுகால் நேராக ஸ்டூலுக்குக் கீழே வந்து விழுந்தது, அவருடைய ரெண்டு பாதத்துக்கும் நடுவில்.

அவர் எழப் போனார்.

"எந்திரிக்கக் கூடாது," என்றாள். முட்டியில் கையை ஊன்றி அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள், அவருடைய கணுக்காலைப் பிடித்து ஒவ்வொன்றாக விலக்கி நகர்த்தி வைத்தாள், நெற்றி வேர்வை அவர் பாதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு குச்சியை ஊன்றி, சுத்தியலை ஓங்கினாள்.

நாச்சிமுத்து காலை அகட்டி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.